மடை திரும்பாத நாள்

வெட்டிய சூரியகாந்திப் பூவை மடியில் வைத்துக்கொண்டு சோனா கட்டைவிரலால் விதைகளை உதிர்த்தாள். பூ தாம்பாளம்போல அகலமாகத்தான் இருந்தது. ஓரத்து விதைகள் மட்டும் கனத்து விழுந்தன. நடுவில் இருந்ததெல்லாம் பொக்கு. வரப்பில் நின்ற கொழுந்தன் யாவர் அவள் விரல்களைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

ஊர்மியா ஏரி வற்றத் தொடங்கியபின் கோய் ஊர்ப் பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் தண்ணீரை அளந்து விட மீட்டர் மாட்டிவிட்டார்கள். அண்ணன் வயலுக்கும் யாவர் வயலுக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத்தான் பாய்ச்சல். அண்ணன் லாரியோடு தெற்கே துறைமுகத்துக்குப் போய்விட, அவன் வயல் மனைவி சோனாவின் பொறுப்பு. கிடைக்கிற தண்ணீருக்குத் தக்கபடி அவள் இடைவெளி விட்டு நட்டாள். யாவர் ஆசைப்பட்டு நெருக்கி நட்டான். பூக்கும் சமயத்தில் மகளின் கண் ஆபரேஷனுக்காகத் தப்ரீஸ் நகரத்துக்குக் கிளம்பியவள், தன் முறை வந்ததும் தண்ணீரைத் திருப்பிவிடும்படி அவனிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு மண்வெட்டியோடு மடையருகே வெகுநேரம் நின்றான். நெருக்கத்தில் அவன் செடிகள் துவண்டு தலை தொங்கின. அவளுடையவை இன்னும் நிமிர்ந்தே இருந்தன. தாங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் தண்ணீரும் அவன் வயலிலேயே பாய்ந்தது. திரும்பி வந்து கேட்டவளிடம், விட்டாச்சு அண்ணி என்று வாய் தானாகச் சொன்னது. அவன் பிள்ளைகளுக்கென்று வாங்கி வந்த இனிப்புப் பெட்டியை அவள் நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

"உன் பூ சின்னதுதான், ஆனா உள்ள நெறஞ்சிருக்கு" என்றாள் சோனா. "ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணிதானே. நட்டதுலதான் நான் கோட்டை விட்டுட்டேன். உங்க அண்ணன்கூட போன்ல சிரிக்கிறாரு, தம்பியப் பாத்துக் கத்துக்கன்னு. வர்ற வருஷம் நானும் நெருக்கிடறேன்."

தன் முறைத் தண்ணீரை மட்டும் நம்பி அவள் நெருக்கி நட்டால் பூவிலேயே கருகும். பேசாமல் இருந்தால் அவளுக்கு அடுத்த வருஷமும் போகும்.

"வேணாம் அண்ணி. நெருக்காதீங்க."

"ஏன்? உனக்கு வெளஞ்சிருக்கே."

"அது உங்க தண்ணியில வெளஞ்சது."

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு கட்டைவிரல் நின்றது. "விட்டாச்சுன்னு சொன்னியே, யாவர்" என்றாள், குரலை உயர்த்தாமல்.

மடியை உதறிவிட்டு எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் போனாள். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவனும் ஓர் அரிவாளோடு அடுத்த வரிசையில் குனிந்தான். காய்ந்த இலைகளுக்கு அப்பால் அவளைப் பார்க்க முடியவில்லை. தண்டு அறுபடும் சத்தம் மட்டும் அவனைவிட வேகமாக முன்னே போய்க்கொண்டிருந்தது.