பின்னால் கேட்கும் சத்தம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். அக்காவிடமிருந்து எடுத்தது. அவள் பழைய கார்களைப் பழுது பார்க்கிறவள். நான் எழுதுகிறவன். இருவரில் யாருக்கு உருப்படியான வேலை என்பதில் எங்கள் குடும்பத்தில் கருத்து வேறுபாடே கிடையாது.

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று –"

இல்லை. மழை பெய்யவில்லை. காரும் சிவப்பு இல்லை, வெளிறிய பச்சை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, என்னைவிட வயதில் மூத்த கார். மழையும் சிவப்பும் கைப்பழக்கத்தில் வந்துவிட்டன.

இரண்டாவது தொடக்கம்: "பல் டாக்டரின் கார் பின்பக்கம் ஊளையிட்டது."

இது பரவாயில்லை. நடந்ததும் இதுதான்.

2

ஊளையிட்டது டிஃபரன்ஷியல்.*

(*தெரியாதவர்களுக்கு: பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இரும்புப் பெட்டி. உள்ளே பெரிய பல்சக்கரமும் சின்னப் பல்சக்கரமும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றும். இஞ்சினின் பலம் அந்தக் கடி வழியாகத்தான் சக்கரங்களுக்குப் போகிறது. கடி சரியில்லை என்றால் சத்தம் வரும். இதற்குமேல் எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுவது என் தொழில்.)

வழி இரண்டு. பெட்டியைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, கடியைத் திரும்ப அமைக்கலாம். இல்லையென்றால் அதை அப்படியே கழற்றிவிட்டு, பிற்பாடு வந்த மாடலின் பெட்டியை வாங்கி முழுசாகப் பொருத்தலாம். முதல் வழிப்படி அக்காவே போன கோடையில் ஒருமுறை செய்து கொடுத்திருந்தாள். அதுதான் இப்போது கத்துகிறது. ஆனாலும் டாக்டருக்கு அதே வழிதான் வேண்டும். காரோடு பிறந்தது காரோடு இருக்கட்டும் என்கிற ஆள் அவர்.

அக்கா சொன்னாள்: "மாத்திடலாம் டாக்டர்."

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டேன்.

3

என் பாத்திரம் இப்படிப் பேசாது. வீட்டில் இஸ்திரிப்பெட்டி எரிந்துபோனால்கூட அக்கா புதிது வாங்க விடமாட்டாள். பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். அதுவரை அத்தான் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போவார்.

அதனால் அடித்துவிட்டு எழுதினேன்: "பிரிச்சுப் பாத்துடலாம் டாக்டர்." வாக்கியம் அழகாகப் பொருந்தியது. பொய் என்பதுதான் ஒரே குறை. நிஜம் கதைக்குப் பொருந்தாதபோது நான் நிஜத்தைத்தான் மாற்றுவேன், வெட்கப்பட மாட்டேன். இந்த முறை மனம் கேட்கவில்லை. பட்டறைக்குப் போனேன்.

4

"நல்ல நேரத்துல வந்தடா. டிக்கியில படு," என்றாள் அக்கா.

இது அவளுடைய வழக்கம். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது ஓட்டுகிறவருக்குச் சரியாகப் பிடிபடாது. யாராவது டிக்கிக்குள் முடங்கிப் படுத்து, கதவை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எப்போதும் அவள் படுப்பாள், அத்தான் ஓட்டுவார். ஊரில் இத்தனை பட்டறை இருக்க, எல்லோரும் இங்கே வருவதே அவள் காதுக்காகத்தான்.

"எப்பவும் நீதானே படுப்ப?"

"முதுகு புடிச்சிருக்கு. படு."

படுத்தேன். அக்கா காரைக் கிளப்பிய கொஞ்ச நேரத்தில் காதுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். திரும்பி வந்து அவள் கதவைத் திறந்ததும் கேட்டாள், "எப்போ கத்துது? ஆக்சிலேட்டர மிதிக்கிறப்பவா, காலை எடுக்கிறப்பவா?"

"எப்பவுமேதான். முன்சீட்டுல உனக்குக் கேக்கலியா?"

அக்கா துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்தாள்.

"கேக்கல. போன தடவையும் கேக்கல. உள்ள படுத்துப் பாத்தேன், அமைதியா இருந்துச்சு. சரியாயிருக்குன்னு குடுத்துட்டேன்." பிறகு சொன்னாள், "பல்லுல நீல மை தடவிச் சுத்திப் பாத்தா எங்க கடிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும். எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. எனக்குக் காது இருக்கேன்னு விட்டுட்டேன்."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"டிவிய ஏன் இப்படி அலற விடறன்னு சண்டை போடறாரு. அவ்வளவுதான் தெரியும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புதுப் பெட்டி என்றால் கடியை அமைத்தே அனுப்புவார்கள். யாரும் படுத்துக் கேட்க வேண்டியதில்லை. பிரித்து வேலை செய்தால் கடைசியில் ஒரு காது வேண்டும். அது தன்னிடம் இல்லை என்று சொல்லவும் வேண்டும்.

"வெளிய தெரிஞ்சா யாருடா இங்க வண்டி விடுவா?" என்றாள்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) பெட்டியை மாற்றுகிறார்கள். டாக்டர் முனகிக்கொண்டே ஓட்டிப் போகிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த கார் வரும்வரை –

ஆ) தம்பி ரகசியமாக அக்காவின் காதாகிறான். ஆயுள் முழுக்க டிக்கியில் படுத்து, அவள் மானத்தை –

(இதைத் திரும்பப் படித்தபோது கண் கலங்கியது. கதாநாயகன் நான் என்பதால் இருக்கலாம்.)

இரண்டையும் அக்காவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"இதுல டாக்டர் எங்க? வண்டி அவரோடதுதானே?"

மறுநாள் அவரை வரச்சொல்லி, நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். "தப்பு என்னோடது டாக்டர். விசில் மாதிரி மெல்லிசான சத்தமெல்லாம் எனக்கு இப்ப கேக்கறதில்ல. மாத்திடலாம்னு சொன்னது அதை மறைக்கத்தான்."

 டாக்டருக்குக் கோபம் வந்தது, முகத்தில் தெரிந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருக்கணும்."

"பல்லை அடைச்சதும் நாங்க நீலக் காகிதம் வெச்சுக் கடிக்கச் சொல்வோம். எங்க இடிக்குதுன்னு கறை காட்டிக் குடுத்துடும்."

"இங்கயும் அதேதான். நான்தான் செய்யல."

"இந்தத் தடவை செய்ங்க. படுத்துக் கேக்கறத நான் பாத்துக்கறேன்."

6

பிரித்தாள். நீல மை தடவிக் கையால் சுற்றி, கறையைப் பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி சுற்றினாள். அத்தான் விளக்குப் பிடித்தார். அவருக்கும் சொல்லிவிட்டாள்.

இன்று ஓட்டிப் பார்க்கிறார்கள். நெட்டையான டாக்டர் டிக்கிக்குள் தன்னை மடித்து வைக்கிற வேடிக்கையைத் தனிக்கதையாகவே எழுதலாம். அக்கா சாவியோடு வந்தவள், என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். "கார் சத்தமே இல்லாமல் வந்து நின்றது" என்று நான் முன்கூட்டியே எழுதி முடித்திருந்தேன்.

"இதை அடிச்சிடு."

"ஏன்க்கா? நல்லபடியாத்தானே முடியுது."

"எனக்கு இப்போ எல்லா வண்டியும் சத்தமில்லாமத்தான் ஓடுது. நீயும் அதையே எழுதிக் குடுத்தா, நான் எதைடா நம்பறது?"

அடித்துவிட்டேன்.

கார் தெருமுனையில் திரும்பி வருகிறது. எனக்குக் கேட்கிறது, என்ன கேட்கிறது என்று எழுத மாட்டேன். அக்கா நிறுத்தி, இறங்கி, டிக்கியைத் திறந்து, உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறாள். இனி அவர் இடத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். அவள் கேள்விக்கு உங்கள் காதில் விழுந்ததைச் சொல்லுங்கள். பாவம் என்று எதையும் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்.