உள் ஒயர், வெளி ஒயர்

கம்ப்யூட்டருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நான் நான்கு நாள் மனதார நம்பினேன். கேட்டால் சிரிப்பீர்கள். என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அடுத்த சந்தில் இருக்கும் விடுதிக்கு நான் மேனேஜர். 2005-ல் முதலாளி ஆதிமூலம் பிராட்பேண்ட் லைன் ஒன்று வாங்கினார். அதை மூன்று கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்க, ஒரு பழைய மெஷினில் இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டால் போதும். ஒரு கார்டில் இன்டர்நெட் வெளியிலிருந்து வரும், இன்னொன்றின் வழியாக உள்ளே மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போகும். ஆள் எதற்கு, நானே செய்துவிடுகிறேன் என்று வாயை விட்டேன்.

முதலாளியின் அக்கா மகன் பாலாஜி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். "திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு பிரான்ஸ்லேர்ந்து முப்பது பேர் வர்றாங்க. அன்னிக்கு நெட் வரலைன்னா, காசி, உன் சீட்ல பாலாஜி உக்காருவான்" என்றார் முதலாளி. அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. வேறு போக்கிடமும் இல்லை.

புதன்கிழமை கார்டுகளை மாட்டினேன். ஒரு துளைக்கு மேல் 'உள்', இன்னொன்றுக்கு மேல் 'வெளி' என்று எழுதி ஒட்டினேன். இரண்டு ஒயரிலும் அப்படியே ஒட்டினேன். நெட் வரவில்லை. இரண்டையும் பிடுங்கி மாற்றிச் சொருகினேன், வந்துவிட்டது. வந்ததே போதும் என்று மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை காலையில் நெட் இல்லை. கார்டுகளில் பச்சை விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது, இன்டர்நெட் பக்கம் மட்டும் திறக்கவில்லை. சுவரோரம் கையை விட்டுத் தடவி, ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். சில தடவை வரவில்லை, ஒரு தடவை வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இதே கூத்து. சாயங்காலம் நன்றாக ஓடும், காலையில் செத்துக் கிடக்கும். டெலிபோன் ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். லைன் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஜன்னல் வழியாகக் குரங்கு வருகிறதோ என்று கம்பிக்கு வலை அடித்தேன். கார்டு சூடாகிறது என்று எவனோ சொன்னதைக் கேட்டு ஃபேனைத் திருப்பி வைத்தேன். ஒன்றும் புரியவில்லை. சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே போய்விட்டேன். எல்லம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து தினம் முதல் பஸ்ஸில் வருகிறவர். ஊரில் அறிவொளி வகுப்பு நடந்தபோது, பெரிய பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, எழுத்துக் கற்றுக்கொண்டவர். அதில் அவருக்குத் தனிப் பெருமை. பஸ் போர்டு, பக்கோடா கட்டிய காகிதம், எதைக் கண்டாலும் சத்தமாகப் படிப்பார். அவர் மெஷினை முன்னால் இழுத்து, ஒயர்களைக் கழற்றி மேசைமேல் வைத்து, அடியில் துடைத்தார். பிறகு ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்துத் திரும்பச் சொருகினார்.

நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பயப்படவில்லை. விரலை வைத்துக் காட்டினார்.

"இது உள் ஒயரு, இது உள் ஓட்டை. தெனம் மாறி மாறிக் கெடக்குது, நான்தான் சரி பண்ணி வெக்கிறேன். எழுதியிருக்கிற மாதிரிதானே சொருவினேன் சார்? நீங்க எழுதினது தப்பா இருக்கும்னு நான் எப்டி நெனைப்பேன்?"

புதன்கிழமை ஒயர்களை மாற்றிச் சொருகினேனே தவிர, ஸ்டிக்கரை மாற்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஒயரை மாற்றிப் போட்டதும் நெட் வந்தது. ஸ்டிக்கரைக் கிழிப்பதற்குள், வழக்கத்துக்கு மாறாக எட்டு மணிக்கே முதலாளி வந்து நின்றார். நான்கு நாள் கதை அவர் காதுக்குப் போயிருந்தது.

"யாரு பண்ண வேலை இது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லம்மாள் முந்திக்கொண்டார்.

"நான்தாங்க. கைநாட்டு, எனக்கு இன்னா தெரியும். தொடைக்கறப்ப மாத்தி சொருவிட்டேன்."

முதலாளியின் முகம் இளகியது. படிக்காத பொம்பளை, அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று முனகினார். இனிமேல் ஒயரில் கை வைக்கக் கூடாது என்றதோடு விட்டுவிட்டார். அவ்வளவுதான், என் வேலை தப்பித்தது. பேசாமல் இருந்தால் போதும்.

எல்லம்மாள் வாளியை எடுத்தார். ஸ்டிக்கர் இருந்த பக்கம் அவர் பார்க்கவே இல்லை. நான் முதலாளி பக்கம் திரும்பினேன்.

"அவங்க நல்லாப் படிப்பாங்க சார். எழுதியிருந்தபடி சரியாத்தான் மாட்டினாங்க. தப்பா எழுதினவன் நான்."

முதலாளி என்னையும் ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாலாஜியின் போன் நம்பர் கேட்டார். அவருக்கு வேண்டிய நம்பரெல்லாம் என் நோட்டில்தான் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன்.