நாலு நாள் தாங்கும் ஒயின்

ஞாயிற்றுக்கிழமை மூன்று நாற்பதுக்கு அந்த பாட்டிலைத் திறந்தேன். பொன்னேரி மாலை வகுப்பில் டேவிட் சார் கொடுத்த தாளில் முதல் கட்டமே 'திறந்த நேரம்' என்பதுதான். அதனால் நேரத்தை எழுதினேன். 'திறந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதைக் காலியாகத்தான் விட்டிருப்பேன்.

பாட்டில் என் அண்ணன் தருமனுடையது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மாசியில், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பலை ஒட்டி அண்ணனின் ஃபைபர் போட் போயிருக்கிறது. கப்பல் சமையல்காரர் மேலேயிருந்து கயிற்றில் வாளியை இறக்கினாராம். அண்ணன் அதில் நண்டைப் போட்டு அனுப்பினான். வாளி மறுபடி இறங்கியபோது உள்ளே இந்தச் சிறிய பாட்டில் இருந்தது. சமையல்காரர் இரண்டு விரலைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோலச் சாய்ந்தாராம். இரண்டு வருடம் படுக்க வை என்று அண்ணன் புரிந்துகொண்டான். தண்ணீர்ப் பானை ஒழுகி எப்போதும் ஈரமாக இருக்கும் மணலில் அதைப் படுக்கையாகப் புதைத்தான். நாள் வந்ததும் அவனும் அண்ணியும் நானும் சேர்ந்து குடிக்கலாம் என்று சொன்னான்.

அந்த ஐப்பசியிலேயே போட் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் கரையேறினார்கள். அண்ணன் வரவில்லை. உடலும் வரவில்லை.

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலில் காணாமல் போனவனுக்கு உடனே எதுவும் செய்வதில்லை. காத்திருப்போம். அதுவரை அவன் பெயரில் இலை போடக்கூடாது, படத்துக்கு மாலை கூடாது, ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்து வைக்கக்கூடாது. வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று நாமே சொன்னதாகிவிடும். அவன் மனைவி இரவில் அவன் வீட்டைத் தவிர வேறு எங்கும் படுக்கக்கூடாது. போதும் என்று சொல்லும் உரிமை மனைவிக்கு இல்லை. அவன் ரத்தத்தில் ஒருவர் ஊர்ப் பெரியவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். நைனாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது நான் மட்டும்.

ஊர்ப் பெரியவர் குப்பன் என்னை இரண்டு முறை கேட்டுவிட்டார். இரண்டு முறையும், மாசி வரட்டும், பாட்டிலுக்கு இரண்டு வருடம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அண்ணி லோகநாயகியின் மனசுக்காகத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தேன். அவளுக்கு இருபத்தேழு வயது. அவள் அப்பா தோணிரேவில் காலில் ஆறாத புண்ணோடு படுத்திருக்கிறார். பகலில் போய்ப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் பாலத்தைத் தாண்டி ஓடி வந்துவிடுவாள். பதினைந்து மாதமாக இப்படித்தான்.

இதெல்லாம் தெரிந்தும், மாசி பிறக்கும் முன்பே திறந்தேன். என் வகுப்பு ஹோட்டலில் பரிமாறும் வேலைக்கானது. ஏதாவது ஒரு பானத்தைப் பார்த்து, முகர்ந்து, சுவைத்து எழுதித் தர வேண்டும். எல்லோரும் காபி, பன்னீர் சோடா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, என் வீட்டில் இத்தாலி ஒயின் இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பானுப்ரியா திரும்பிப் பார்த்தாள்.

“கருவாட்டுக்குத் தொட்டுக்கவாடி?”

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் டேவிட் சாரிடம் கார்க் எடுக்கும் திருகாணியைக் கேட்டு வாங்கிவிட்டேன். திறந்தால் நாலு நாள் தாங்கும், அதற்கு மேல் புளித்துக் காடியாகிவிடும் என்று அவர் எச்சரித்தார். நான் கொஞ்சம் எடுத்துவிட்டு மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

லேபிளில் 2023 என்று இருந்தது. சாஞ்சோவேசே, மெர்லோ, கேபர்னே என்று மூன்று திராட்சையின் பெயர்கள். இருமல் மருந்து மூடியில் பதினைந்து மில்லி அளந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

நிறம்: நடுவில் கறுப்பு என்றே சொல்லலாம். ஓரத்தில் கத்தரிப்பூ நிறம். ஓரம் அப்படி இருந்தால் ஒயின் இன்னும் இளசு என்று சார் சொல்லியிருக்கிறார். டம்ளரைச் சுழற்றினால் கண்ணாடியில் மெதுவாக, எண்ணெய்போல இறங்கியது.

சுவை: இனிப்பு இல்லை. வாய் நிறைய கனம். பழுத்த நாவல், பிறகு மிளகு. விழுங்கியதும் ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு.

மணத்தைக் கடைசியில்தான் எழுதினேன். நாவல், புகை, ஈரக் கட்டை. அதற்கு அடியில் கிராம்பு.

கிராம்பு என்று எழுதி அடித்தேன். மறுபடி முகர்ந்து மறுபடி எழுதினேன். அண்ணன் கடலுக்குப் போகும்போது எப்போதும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வான். குமட்டலுக்கு நல்லது என்பான். கரையேறி வாசலுக்கு வந்ததும் அதை நறுக்கென்று கடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் சோற்றை எடுத்து வைப்போம். மணம் டம்ளரில் இருக்கிறதா, என் மூக்கில் இருக்கிறதா என்று தெரியவில்லை. பக்கத்தில் 'உறுதியில்லை' என்று எழுதினேன்.

அப்போது அண்ணி கருவாட்டுக் களத்திலிருந்து வந்துவிட்டாள். மணலில் தோண்டிய குழியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“திறந்துட்டியா?” என்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வகுப்பு, தாள், மதிப்பெண் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் எதிரில் உட்கார்ந்து டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

“இன்னாடி இது, நாவக்கொட்டையைக் கடிச்ச மாதிரி கீது. இதுக்கா உங்கண்ணன் காவல் காத்தாரு?” பாட்டிலைப் பார்த்துக் கேட்டாள். “கெட்டுப் போவாதே?”

“மூடி வெச்சா ஒண்ணும் ஆவாது அண்ணி.”

அது பொய். கார்க்கை அழுத்தி மூடி, ஒயின் நிற்கும் மட்டத்தில் பாட்டில் கழுத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டேன்.

திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு வகுப்பு முடிந்து வந்து பார்த்தேன். ஒயின் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருந்தது. கோட்டைச் சாய்வாகப் போட்டுவிட்டேனோ என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. புதுக் கோடு போட்டேன். ஒரு வாய் சுவைத்தேன். துவர்ப்பு தணிந்திருந்தது, பழம் முன்னுக்கு வந்திருந்தது, நேற்றைவிட நன்றாக இருந்தது. கிராம்பும் கூடியிருந்தது. குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது பின்வாசல் பக்கம் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

'8.10. சத்தம். எலி?' என்று எழுதினேன். அண்ணி அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். அவள் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை டேவிட் சாரிடம், மூடிய பாட்டிலில் ஒயின் ஆவியாகுமா என்று கேட்டேன். ஒரு நாளில் ஒரு விரல் அளவா என்று சிரித்தார், வீட்டில் யாரோ நன்றாகக் குடிக்கிறார்கள் என்றார். கிராம்பைப் பற்றியும் கேட்டேன். ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஒயினில் அந்த மணம் வருவது சகஜம், சரியாகத்தான் எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார். பழவேற்காடு பஸ் ஏறி இறங்கும்வரை அந்தப் பாராட்டு எனக்குத் தெம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி ஒரு விரல் குறைந்திருந்தது. மறுபடி அந்தச் சத்தம், இந்த முறை இன்னும் கிட்டத்தில். பீப்பாய் மணத்தைக் கொடுக்கும். சத்தத்தைக் கொடுக்குமா?

அண்ணன் உயிரோடு இருந்தால் முன்வாசல் வழியாக வந்து சத்தம் போட்டுச் சோறு கேட்பான். பின்வாசலில் நின்று ஒரு விரல் ஒயின் குடித்துவிட்டுப் போகிறவன் யார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை எழுதத்தான் முடியவில்லை.

புதன்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. ஐந்தரைக்கே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். வெளிச்சம் இருந்தது. அண்ணி கடலைப் பார்த்த பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் எவர்சில்வர் டம்ளரில் ஒயின். அதன் பக்கத்தில் ஒரு கிராம்பு. கை கூப்பவில்லை, வாய் அசையவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரை எடுத்துப் படிக்குக் கீழே மணலில் ஊற்றினாள். அங்கே ஏற்கெனவே கறுத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் டம்ளரை முந்தானையில் மறைக்கப் போனாள். பிறகு மறைக்கவில்லை.

“எத்தினி நாளா அண்ணி?”

“ஒயினு மூணு நாளா. அதுக்கு முன்னாடி தண்ணி வெச்சேன். போன ஆடிலருந்து.”

ஆடி முடிந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதமாக என் அண்ணனுக்கு இந்த வீட்டில் யாரோ எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ வாராவாரம் அவரு சட்டையைத் தோய்ச்சு மடிச்சு வெச்சினு இருந்த. அந்த மூஞ்சியைப் பார்த்து இன்னானு சொல்றது? உனக்காகத்தான் செவ்வந்தி நானும் காத்துனு இருந்தேன்.” டம்ளரை மணலில் தேய்த்தாள். “எங்கப்பன் கால்மாட்டுல ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கணும். நான் கேக்குறது அவ்ளோதான். அதுக்கு நீ வாயைத் தொறக்கணும்.”

அவள் மனசுக்காக என்று நான் ஊருக்குச் சொன்னது பொய் என்று அந்தப் படியில்தான் எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் அவள் தோணிரேவு போய்விடுவாள். பிறகு நானும் இந்த வீடும்தான்.

“நீ போய்ட்டா இங்க நான் தனியா அண்ணி…”

“தனியானு யார் சொன்னது?” என்றாள். லேசாகச் சிரித்தாள். “அவர் கிராம்பு கடிக்கிறது எனக்கும் கேக்குது. அதான் எடுத்து வெச்சேன். வாசல்ல வந்து நிக்கிற மனுசனை எத்தினி நாளு கேக்காத மாதிரி இருக்கிறது?”

எழுந்து உள்ளே போய் பாட்டிலை எடுத்து வந்தேன். நாலாவது நாள். மிச்சத்தை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். சார் சொன்னதுபோலவே ஆகியிருந்தது: பழம் போய்விட்டது, முன்னால் புளிப்பு, பின்னால் காடி. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டேன். திறந்தபோதே இது போக ஆரம்பித்துவிட்டது என்றேன்.

“தெரியும்,” என்றாள் அண்ணி. “தொறந்து வெச்சது எது தங்கியிருக்குது?” முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்குக் குப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை நிறுத்தினார். வழியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

“அண்ணன் வராது பெரிப்பா,” என்றேன். “நாள் குறிச்சுடுங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எனக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும் என்று கழுத்து விறைக்க நின்றுகொண்டிருந்தேன். கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி ஒரு பையோடு கிளம்பினாள். பொட்டு இருந்தது. அதை யாரும் கேட்கவும் இல்லை, அவள் யாரையும் கேட்கவும் இல்லை. பாட்டிலைக் கழுவி வைத்துவிடு, எண்ணெய்க்கு ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாலம்வரை கூடவே போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பாட்டிலைச் சுடுதண்ணீரில் மூன்று முறை கழுவினேன். அதன் வாயில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. ஐந்து நாற்பதுக்கு அண்ணனின் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பின்வாசல் படியில் வைத்து, பக்கத்தில் ஒரு கிராம்பை வைத்தேன். அலைச் சத்தம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தேன், ஆறரைவரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அந்தக் கிராம்பை எடுத்து என் கடைவாயில் வைத்து, நானே கடித்தேன்.