தையலில்லாத வெள்ளை

ஆட்டோவிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தாள் நஃபீசா. அதற்குள் தம்பி ஷாஹுல் ஓடிவந்து அவள் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டான்.

“ஹஜ்ஜுன்னு சொல்லிப்போடுக்கா. வேற ஒரு வார்த்த கேக்காத.”

“என்னடா சொல்ற? அத்தா எப்படி இருக்காங்க?”

“இருக்காரு. நடந்துட்டே பேசலாம், வா.”

பெருந்துறையில் பக்கத்து வீட்டுக்கு வந்த போனில் ‘உடனே வரச் சொல்லுங்க’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அவள் மனசுக்குள் அத்தாவை அடக்கமே செய்து முடித்துவிட்டாள். இப்போது ‘இருக்காரு’ என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் தம்பியின் பின்னாலேயே ஓடினாள். ஷாஹுல் ஆஸ்பத்திரி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான்.

“குடல் முறுக்கிக்கிச்சாம். காலைலயே ஆப்பரேசன் பண்ணோணும்னு சொல்லிப்போட்டாங்க. இவரு கையெழுத்துப் போட மாட்டேன்னு படுத்திருக்காரு. விடியக்காலம் ஒரு கனவு கண்டாராம். நஃபீசா வந்து பலன் சொல்லோணுமாம்.”

“இதுக்கா இத்தன நேரம் விட்டீங்க?”

“நீ போய்ப் பேசிப் பாரு, தெரியும். ஏதோ பெரிய பொட்டல்ல நிக்கறாராம். சுத்தி அத்தன பேரும் வெள்ளையாம். அவரு மேலயும் தையலில்லாத வெள்ளத் துணியாம்.”

நஃபீசா படியில் நின்றுவிட்டாள். ஹஜ்ஜுக்குப் போகிற ஆணுக்குத் தையலில்லாத வெள்ளை இரண்டு துண்டு. மௌத்தாகி அடக்கமாகிற ஆணுக்கும் தையலில்லாத வெள்ளைதான், அது மூன்று.

“அதனாலதான் சொல்றேன்,” என்றான் ஷாஹுல், மேலிருந்து திரும்பிப் பார்த்து. “கேள்வி கேக்காத.”

டவுன்ஹால் பக்கம் தையல் கடை வைத்திருந்த அவர்களின் தகப்பனார் அப்துல் கையூமுக்குக் கனவு என்பது விளையாட்டல்ல. பலன் சொல்லப்படாத கனவு ஒரு பறவையின் காலில் தொங்கிக்கொண்டிருக்கும், முதலில் வாய் திறப்பவர் என்ன சொல்கிறாரோ அப்படியே அது கீழே வந்து விழும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆகவே கண்டவர்களிடமெல்லாம் கனவைச் சொல்லக் கூடாது. நம்மேல் பிரியமுள்ள, நல்ல வாக்குள்ள ஒருவரிடம்தான் சொல்ல வேண்டும். அந்த ஒருவராக நஃபீசா அவளுடைய பாவாடை வயசிலேயே நியமிக்கப்பட்டுவிட்டாள். காலையில் டீ குடித்துக்கொண்டே அவர் சொல்வார். அவள் குறுக்கு விசாரணை செய்வாள். தண்ணியில நீந்தினீங்களா? தெளிஞ்ச தண்ணியா, கலங்கலா? கர தெரிஞ்சுதா? தெளிந்த தண்ணீர் என்றால், “புது ஆர்டர் வருமுங்கத்தா” என்பாள். ஒரு தடவை அப்படிச் சொன்ன மறுவாரமே ஒரு பள்ளிக்கூடத்து யூனிபார்ம் மொத்தமும் தைக்க வந்தது. அதற்குப் பிறகு அத்தாவைப் பிடிக்க முடியவில்லை. அவள் பலனை அந்த நிமிஷத்தில் ஜோடித்துச் சொல்கிறாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நுணுக்கமாகக் கேட்கிற பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்!

அறைக்குள் நர்ஸ் சூசைமேரி அத்தாவின் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய். போர்வைக்கு அடியில் வயிறு மேடாக எழும்பியிருந்தது. அம்மா ஹபீபுன்னிசா ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மகள் வந்த சத்தம் கேட்டுத் திரும்பினாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

“வந்துட்டாங்களா உங்க மக?” என்றாள் சூசைமேரி. “ஏனுங்க பாய், நானுந்தான் தெனம் கனவு காண்றேன். இந்த வார்டுல எல்லாரும் சொன்ன பேச்சக் கேக்கற மாதிரி. எங்க பலிக்குது?”

அத்தா சிரிக்கப் பார்த்தார். வலி குறுக்கே வந்தது.

“உக்காரு கண்ணு. இன்னும் யாரும் பலன் சொல்லல. யாரையும் வாயத் தெறக்க விடல நான்.”

ஜன்னலோரம் அம்மாவின் வளையல் கம்பியில் பட்டுச் சத்தம் வந்தது.

“சொல்லுங்கத்தா.”

“பொட்டல் காடு. நம்ம வ.உ.சி. மைதானம் மாதிரி பத்து மைதானம். ஒரே வெள்ள. ஒருத்தரும் என்னப் பாக்கல, நானும் யாரையும் பாக்கல. குனிஞ்சு பாத்தா எம்மேலயும் வெள்ள. தையக்காரன் புத்தி போகுமா? தையல் எங்கன்னு தேடறேன். மடிச்சுத் தேடறேன், உதறித் தேடறேன். ஒரு நூல் ஓடல கண்ணு. இத்தன நாளா துணியத் தச்சுத் தச்சு… அங்க ஒரு ஊசி வேல இல்ல எனக்கு.” மூச்சு வாங்கினார். “தாகமும் இல்ல.”

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நஃபீசாவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது ஒரு கணம் மறந்துவிட்டது. டீக்கிளாஸும் காலை வெளிச்சமுமான அந்தப் பழைய இடத்திலிருந்து அவள் வாய் தானாகக் கேட்டது:

“எத்தன துண்டுங்கத்தா?”

ஷாஹுலின் கையிலிருந்த பை தரையில் விழுந்தது.

அத்தா கண்ணை மூடினார். வலது கை மெல்ல எழுந்து அவர் உடம்பின் மேலேயே தேடத் தொடங்கியது. “இடுப்புல ஒண்ணு…” கை மேலே ஏறியது. “தோள்ல ஒண்ணு…” அங்கே நின்றது. பிறகு இன்னும் மேலே, தலையைப் பார்த்து நகர்ந்தது.

“ரெண்டுதான்!” என்றாள் நஃபீசா. குரல் கத்தலாக வெளிவந்தது. “ஹஜ்ஜுங்கத்தா. ஹஜ்ஜுக்குப் போவீங்க.”

அத்தா கண்ணைத் திறந்தார். கை அந்தரத்தில் நின்றது.

“நான் இன்னும் எண்ணி முடிக்கல கண்ணு.”

“எண்ண வேண்டியதில்லீங்க. எனக்குத் தெரியும்.”

வெகுநேரம் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பார்வையைத் தாழ்த்த வேண்டும் போலிருந்தது. தாழ்த்தினால் எல்லாம் போய்விடும் என்றும் இருந்தது. கடைசியில் அவர்தான் ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பினார், அம்மாவின் முதுகை நோக்கி.

“கேட்டியா ஹபீபு? ஹஜ்ஜாம். என் மக சொல்லிப்போட்டா.” பிறகு நர்ஸிடம், “குடுங்கம்மணி, எங்க போடோணும்?”

ஆப்பரேசன் தியேட்டர் கதவு சாத்தப்பட்ட பிறகு ஷாஹுல் அவளை விட்டு விலகினான். வராந்தாவின் கோடியில் போய் நின்றுகொண்டான். அம்மா உட்கார மறுத்துத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே நின்றாள். எதிரே தள்ளுவண்டியில் வெளுத்த படுக்கை விரிப்புகள் போயின. நஃபீசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளை! இந்த ஆஸ்பத்திரியில் வேறு என்ன இருக்கிறது? பகலில் கண் மேய்ந்ததை ராத்திரியில் மனசு அசைபோடுகிறது, கனவு என்றால் அவ்வளவுதான் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தாள். தொண்டை வறளப் படுத்திருந்த மனுஷர், தாகமே இல்லாத இடத்தைக் கண்டிருக்கிறார். இதைச் சொல்லியிருக்கலாமே. ‘பெட்ஷீட்டப் பாத்துட்டுத் தூங்கினீங்கத்தா, அதான்’ என்று சிரித்திருக்கலாமே. எத்தனை துண்டு என்ற பேச்சே வந்திருக்காது.

ஆனால் அசைபோட அறையில் பச்சைத் திரை இருந்தது, நீல வாளி இருந்தது. மனசு ஏன் வெள்ளையைப் போய் எடுத்தது? அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

டாக்டர் வெளியே வந்து ஷாஹுலைத் தேடினார். அவர் முகமூடியைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்துவிட்டது.

“குடல் கருத்துப்போயிருந்துச்சு. கொஞ்சம் முன்னாலயே உள்ள கொண்டுபோயிருந்தா…” அந்தக் ‘கொஞ்சம் முன்னால’வுக்குள் தான் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த நேரம் முழுவதும் அடங்கியிருப்பது நஃபீசாவுக்குப் புரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சந்து நிறைய ஆட்கள். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. பின்கட்டில் மறைப்புக் கட்டி ஆண்கள் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் விழும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. சாம்பிராணித் தட்டை எடுக்க உள்ளே வந்த ஷாஹுல், நஃபீசா எதிரில் நின்றான்.

“அத்தன சொன்னனேக்கா. எத்தனன்னு கேட்டியே. கேட்டதுந்தான அந்தக் கை மேல போச்சு. நீயே எடுத்துக் குடுத்த மாதிரி இல்ல?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

உள்ளறையில் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். கூட இருந்த பெண்கள் குர்ஆன் ஓத முன்னறைக்குப் போயிருந்தார்கள். நஃபீசா பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவன் பேசுனது கேட்டுச்சு. அவனக் கூப்புடு. நான் சொல்லிப்போடறேன்.”

“என்னம்மா?”

“மொதல்ல வாயத் தெறந்தது நீயில்ல அம்மணி. நான்.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “விடியக்காலம் என்னத்தான எழுப்புனாரு. ஹபீபு, ஒரு கனவு கண்டேன், வெள்ள வெள்ளையான்னு ஆரம்பிச்சாரு. ராத்திரி பூரா நான் கண்ண மூடல. எரிச்சல்ல… பேசாம கண்ண மூடிப் படுங்கன்னுட்டேன்.”

சுவருக்கு அப்பால் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“சொன்னதும் எம் மூஞ்சியப் பாத்தாரு. அதுதான் மொத வாக்குன்னு எனக்குந் தெரிஞ்சுபோச்சு, அவருக்குந் தெரிஞ்சுபோச்சு. அப்பறந்தான், யாரும் எதும் சொல்லல, நஃபீசாவக் கூப்புடுங்கன்னு புடிவாதம் புடிச்சாரு. எதுக்கு? நான் விட்ட வார்த்தையத் திருப்பிப் போடத்தான?”

நஃபீசாவுக்கு அத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. யாரையும் வாயத் தெறக்க விடல நான். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. கூப்பிட்டால் ஷாஹுல் வருவான். அம்மா சொல்வாள். அவனுடைய வார்த்தை இவளை விட்டு இறங்கி, அம்மாவின் மேல் போய் உட்காரும். இனி இந்த வீட்டில் அம்மாவும் அவனும்தான்.

“அம்மா, இதச் சொல்லுங்க. கனவ முழுசாச் சொன்னாங்களா? பொட்டல், கூட்டம், தையலத் தேடுனது?”

“இல்ல. வெள்ள வெள்ளையான்னதும் நாந்தான் வெட்டிப்போட்டனே.”

“துணின்னாங்களா?”

அம்மா யோசித்தாள். “துணிங்கல.”

“அப்ப அது கனவே சொன்னதாகாது. முழுசாச் சொல்லாத கனவுக்கு யாரு என்ன சொன்னாலும் ஒட்டாது. தூங்குங்கன்னு சொன்னீங்க, அவ்வளவுதான். மொத வாக்கு என்னோடதுதான்.”

“நெசமாவா?”

“அத்தாகிட்ட இத்தன வருசம் நாந்தானம்மா சொன்னேன். எனக்குத் தெரியாதா?”

அம்மா அவளை நம்புவதற்கு எவ்வளவு பாடுபட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

கதவுத் திரையை விலக்கி ஷாஹுல் தலையை நீட்டினான். “மொகம் பாக்க வரச் சொல்றாங்க.” எழுந்த நஃபீசாவுக்கு வழிவிடாமல் அங்கேயே நின்றான். “கேட்டிருக்கக் கூடாதுக்கா நீ.”

அம்மாவின் உதடு அசைந்தது. நஃபீசா அவள் கையை அழுத்தினாள்.

“ஆமாண்டா,” என்றாள். “கேட்டிருக்கக் கூடாது.”

அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றி ஆண்கள் சந்து வழியே போனார்கள். கலிமா சொல்லும் சத்தம் முனையில் திரும்பி, தேய்ந்து, ரோட்டு இரைச்சலில் கலந்தது. நஃபீசா உள்ளே வந்தபோது அம்மா பாயில் ஒருக்களித்து, முந்தானையைக் கழுத்தடியில் சுருட்டிக்கொண்டு, தூங்கிவிட்டிருந்தாள்.

துக்கம் விசாரிக்க வந்த ராசாத்தாள், தையல் கடைக்கு எதிரே பூ விற்பவள், வாசல்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

“ஏனம்மணி, அம்மா என்னமோ முணுமுணுக்கறாங்களே. எழுப்பட்டுமா?”

“வேண்டாமுங்க. கனவு முழுசா முடியட்டும்.”

நஃபீசா தலைமாட்டில் உட்கார்ந்து ஈயை விரட்டினாள். அம்மாவின் மூடிய இமைகளுக்குள் கண்கள் இங்கும் அங்குமாக, எதையோ பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தன.