பத்தாவது தாள்

நான் பல் செட் செய்பவன். எங்கள் கடையில் ஒரு பழக்கம்: எந்தத் தாளிலும் ஒரு பக்கம் காலியாக இருந்தால் அதை வீணாக்க மாட்டோம். பழைய வேலைச் சீட்டுகளின் முதுகில் என் மகள் கதை எழுதுவாள். வயது பத்தொன்பது, வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். மெழுகில் பல் அடுக்குவதில் என்னைவிடக் கைநயம் உள்ளவள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

நூலகக் கூடத்தில் இளையவர்கள் பத்துப் பேர் தங்கள் கதையைப் படிப்பதாக ஏற்பாடு. முதலிடம் பெறும் கதை அச்சேறும். அந்தப் பத்தில் இவளும் ஒருத்தி. வாங்கிப் படித்தேன். தகப்பன் கடையில் வேலை செய்யும் பெண் ஒருநாள் கதவைக்கூடச் சாத்தாமல் போய்விடுகிறாள். பல் கடை என்று எழுதாமல் பூட்டுக் கடை என்று எழுதியிருந்தாள். எனக்குப் புரியாதா? கடைசியில் அவளைத் திரும்பி வர வை என்றேன்.

“அவ வரமாட்டாப்பா. நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன்.”

அதன்பின் மூன்று நாள் பேச்சில்லை. அப்பனும் மகளும் இப்படியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் நம் கடைக்கே வாடிக்கையாளர் ஆகிவிடுவீர்கள் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள்.

படிக்க வேண்டிய நாள், பகல் ஒரு மணி. வக்கீல் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். மறு கையில் அவருடைய மேல் செட், இரண்டு துண்டாக. ஐந்தரை வண்டியில் கிளம்பி மறுநாள் வெளியூரில் வாதாட வேண்டுமாம். என் வலது கையோ முந்தின நாள் மெழுகு கொட்டி வெந்து, கட்டுப்போட்டுக் கிடந்தது. கைக்கெட்டிய தாளில் இடது கையால் அவர் விவரத்தைக் கிறுக்கிக் கொக்கியில் மாட்டினேன். கூட்டம் நாலு மணிக்கு. இன்று நீ போக வேண்டாம் என்றேன் மகளிடம். மூன்று நாளில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் செட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். துண்டுகளைப் பொருத்தி மெழுகால் ஒட்டினாள். அடியில் பிளாஸ்டர் ஊற்றி இறுகவிட்டாள். முறிந்த ஓரங்களைச் செதுக்கி, ரோஜா நிறப் பிசினை நிரப்பி வெந்நீரில் இறக்கினாள். அவசரம் ஒரு விரலில்கூடத் தெரியவில்லை. மூன்றே முக்காலுக்கு வெளியே எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தாள். கையைக் கழுவினாள்.

“என்னாலதான் முடியுங்கறத முடிச்சுட்டேன். மெருகு ஒத்தக் கையாலயும் போடலாம். நீங்க போடுங்க.”

தாள்களை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

கத்தியிருப்பேன், வக்கீல் இருந்தார். அவரோ பொக்கை வாயோடு, பெண்ணின் வாதத்தில் ஓட்டை இல்லை என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். இடது கையால் மெருகு போட்டேன். செட் அவர் வாயில் அம்சமாக உட்கார்ந்தது. வேலை முடிந்த சீட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கிழிக்கப்போனவன், பின்பக்கம் பார்த்தேன். மூலையில் பத்து என்று எண். கதையின் கடைசித் தாள். காலையில் அவள் புதுத் தாளில் திருத்தி எழுதி மேசைமேல் வைத்திருக்கிறாள். காலிப் பக்கத்தில் நான் வக்கீலின் மேல்வாயை எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பிடிக்காத முடிவு என் கையிலேயே இருந்தது. சட்டைப்பையில் போட்டால் கேட்பாரில்லை. ஒரு கணம் அப்படியும் நினைத்தேன், ஒளிப்பானேன்.

ஓடினேன். நூலகம் நாலு தெரு தள்ளி. வண்டிக்கு நேரமிருக்கிறது என்று வக்கீலும் கூட ஓடிவந்தார். நாங்கள் நுழையும்போது அவள் ஒன்பதாவது தாளை முடித்துவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அத்தனை பேர் நடுவில் நடந்துபோய்த் தாளை நீட்டினேன்.

“இந்தா. அவ போகட்டும்.”

படித்தாள். பூட்டுக் கடைப் பெண் போனாள், திரும்பவில்லை. காலையில் சேர்த்தது ஒன்றுதான்: போகுமுன் அன்றைக்கு வந்த பூட்டுகள் அத்தனைக்கும் சாவி வெட்டி வைத்துவிட்டுப் போனாள்.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. வக்கீல் விசிலே அடித்தார், செட் அசையவில்லை. முதலிடம் அவளுக்கு. ஓர் எழுத்து மாறாமல் அச்சாகிறது.

இருவரும் கடைக்குத் திரும்பினோம். வாசல் அகலத் திறந்து கிடந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நான் சாத்தாம போனேன், சரி. எனக்கப்புறம் கிளம்புனது யாருப்பா?”