மத்தோகாய் வீட்டுப் பன்றி

தன் நில மந்திரி பதவி போன சங்கதி லெய்னாசெய்க்கு மத்தியானச் சோற்றின்போதுதான் தெரிந்தது. அதையும் பிரதமர் வந்து சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து டின் மீனைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்த சக எம்.பி. அலிக் கேட்டான்.

"அக்கா, உங்க காரை அந்தாளு எடுத்துக்கும்போது டிரைவரையும் சேர்த்தா எடுத்துக்குவாரு? அவன் நல்ல பையனாச்சே."

"எந்தாளு? எந்தக் காரு?"

அலிக்கின் கை பாதி வழியில் நின்றது. "ஐயையோ. உங்ககிட்ட இன்னும் சொல்லலையா? என் வாயில மண்ணை அள்ளிப் போட!"

"போடறதைப் பிறகு போட்டுக்க. முதல்ல விஷயத்தைச் சொல்லு."

சொன்னான். நில இலாகா இன்று காலையிலிருந்து சிமியோன் மத்தோகாய்க்கு. அவளுக்கு இளைஞர் நலமும் விளையாட்டும்.

நாலு நாளாக ஆளுங்கட்சிக் கூட்டணியின் இருபத்தைந்து பேரும் தலைநகர் வீலாவின் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் குட்டித் தீவின் ஹோட்டலில் அடைபட்டுக் கிடந்தார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தால் இதுதான் நடக்கும். செல்போன்களை எல்லாம் ஒரு துணிக்கூடையில் வாங்கிப் பிரதமரின் மைத்துனர் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்வார். படகுக்குச் சங்கிலி. நாட்டை ஆளுகிறவர்களை ஆட்டு மந்தை மாதிரி காவல் காப்பதில் இங்கே யாருக்கும் வெட்கமில்லை. எதிர்க்கட்சிக்காரர்களும் இன்னொரு ஹோட்டலில் இதே டின் மீனைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருபத்தாறு. நேற்று ராத்திரி அங்கிருந்து மத்தோகாய் ஒருவன் இந்தப் பக்கம் தாவச் சம்மதித்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது. இங்கே இருபத்தாறு, அங்கே இருபத்தைந்து. சபாநாயகர் ஓட்டுப் போடுவதில்லை. தாவியவன் கேட்ட விலை நில இலாகா.

மத்தோகாய்க்கு அது எதற்கு என்று லெய்னாசெய்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே தீவு, லோரேவு. முறைக்கு மச்சான் வேறு. லோரேவில் கப்பல் அணையத் தோதான ஒரே இடம் நமாசரி கடற்கரை. தீவின் ஒரே நல்ல தண்ணீர் ஊற்று அங்கே. அவள் பத்தொன்பது வருஷம் நர்ஸாக இருந்து பிரசவம் பார்த்த மருந்தகமும் அங்கேதான். மூன்று வருஷமாக மத்தோகாய் அந்தக் கரை தன் தாய்வழிப் பாட்டனுடையது என்று வழக்காடிக்கொண்டிருந்தான். ஊரில் ஒருத்தரும் அதை நம்பவில்லை. ஆனால் நம்புவதா அவனுக்கு முக்கியம்? அப்போதிருந்த சட்டப்படி, ஒரு நிலத்துக்கு இரண்டு தரப்பு உரிமை கேட்டுத் தகராறு நின்றால், தீரும்வரை நில மந்திரியே உரிமைக்காரர்களுக்குப் பதிலாகக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். எழுபத்தைந்து வருஷக் குத்தகைக்கு ஒரு ஹோட்டல் கம்பெனி பத்திரத்தை எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அந்தப் பத்திரம் ஒன்றரை வருஷமாக அவள் மேஜையில் கிடந்தது, அவள் பேனாவைத் தொடவில்லை. இனி மேஜை மத்தோகாயுடையது.

சோற்றைத் தள்ளி வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள்.

எதிர்ப்பக்கம் தாவிவிடலாம்தான். அரசு கவிழும். கவிழ்ந்தால் மத்தோகாய் என்ன கடலிலா குதிப்பான்? மறுநாளே அங்கே திரும்பிப் போய் இதே இலாகாவைக் கேட்பான், அவர்களும் தருவார்கள். ஐந்து வருஷத்தில் நாலு கூட்டணி மாறியவன். எந்தப் பக்கம் யார் உட்கார்ந்தாலும் நமாசரி போகும். அவளைத் தின்றது அதுதான்.

பிரதமர் அய்சக் கல்தபாவ் சிரித்துக்கொண்டே வந்தார். வீலாவில் பிறந்து வளர்ந்த மனிதர். எந்த வேளையிலும் சட்டை கசங்காது.

"அக்கா, கேள்விப்பட்டிருப்பீங்க. மனசுல வச்சுக்காதீங்க. விளையாட்டு நல்ல இலாகா. பிள்ளைங்க ஆசீர்வாதம்."

"பந்துக்குக் காத்தடிக்கவா என்னை லோரேவு ஜனங்க அனுப்பினாங்க?"

"கோபம் நியாயம். நான் இல்லேங்கலையே. அதனாலதான் முறையாச் செய்யறேன். மூணு மணிக்கு மன்னிப்புப் பன்றி வருது. பாய் அம்பது. பெரியவர் தாரிமாஸ் முன்னால, ரேடியோக்காரங்க முன்னால. ஒரு பிரதமர் ஒரு மந்திரிக்குப் பன்றி கொடுத்து இந்த நாட்டுல எவன் பார்த்திருக்கான், சொல்லுங்க?"

அவர் போன பிறகு அலிக் மெல்ல வந்து பக்கத்தில் நின்றான். "கயிறைப் பிடிச்சீங்கன்னா முடிஞ்சுது அக்கா. நாளைக்கு அவருக்கு எதிரா விரலைக் கூடத் தூக்க முடியாது."

"பிடிக்கலேன்னா?"

"பிடிக்கலேன்னா பன்றியைத் தள்ளினவங்கன்னு உங்க தீவே உங்களை வீட்டுக்குள்ள சேர்க்காது. மனுஷன் வலையை நல்லாத்தான் போட்டிருக்காரு, படுபாவி."

உண்மைதான். மன்னிப்புப் பன்றியை வாங்கிக்கொண்டவர்கள் அதே மனத்தாங்கலை மறுபடி கிளறக் கூடாது. கொடுக்க வந்த பன்றியை மறுப்பதோ அதைவிடப் பெரிய தப்பு. அந்த இரண்டு மணி நேரமும் லெய்னாசெய் வராந்தாவில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி இருந்தாள். அழுகை வந்தது, அழவில்லை. இவனுங்களுக்கு முன்னாலயா, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் படகு வந்தது. முதலில் மத்தோகாய் இறங்கினான், புதுச் சட்டை, கழுத்தில் பூமாலை, ஏற்கெனவே மந்திரி நடை. பின்னால் பாய்க்கட்டுகள். கடைசியில் நாலு பேர் கம்பில் கட்டித் தூக்கி வந்து பன்றியை மணலில் இறக்கினார்கள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முழுவட்டம் சுற்றி வந்த கொம்புப்பல். மேல்பல்லைத் தட்டி எடுத்துவிட்டு, ஏழெட்டு வருஷம் வேகவைத்த சேம்பை ஊட்டி வளர்த்தால்தான் கீழ்ப்பல் அப்படி வளையும்.

லெய்னாசெய் பன்றியைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை பார்த்தாள்.

இடது பல் வட்டம் முடிந்து இரண்டாம் சுற்றில் கன்னத்துக்குள் சாய்ந்திருந்தது. வலது காதில் இரண்டு வெட்டு, ஒன்று ஆழம், ஒன்று மேலோட்டம். அடேயப்பா, இது கர்னல் அல்லவா! மத்தோகாயின் அக்கா மடியில் வைத்து ஊட்டி வளர்த்த பன்றி. லோரேவில் சின்னப் பிள்ளைக்குக்கூட அதன் பெயர் தெரியும். அதன் கன்னத்தில் பல் குத்திப் புண்ணானபோது மருந்து போட்டவளே இவள்தான்.

நடந்தது என்னவென்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஒரே நாளில் வீலாவில் கொம்புப்பன்றிக்கு எங்கே போவது? டவுன்காரர் வேலியில் கோழிகூடக் கிடையாது. பன்றி வேண்டும் என்று கல்தபாவ் கேட்டிருப்பார், இலாகா கிடைத்த குஷியில் மத்தோகாய் ஊரிலிருந்து பிளேனில் வரவழைத்துக் கொடுத்திருப்பான். கல்யாணத்துக்கு இரவல் பன்றி வாங்கலாம், தலைவர் பட்டம் ஏற இரவல் வாங்கலாம். மன்னிப்புக்கு மட்டும் இரவல் கிடையாது. தப்புச் செய்தவன் வேலியிலிருந்து வர வேண்டும். யார் வேலிப் பன்றியோ, அவன்தான் தப்புச் செய்தவன். டவுனில் பிறந்த கல்தபாவுக்கு இது தெரியாது. மத்தோகாய்க்குத் தெரியும், ஆனால் சந்தோஷம் அவன் கண்ணை மறைத்துவிட்டது.

அவள் முதுகு நிமிர்ந்தது.

அந்த ஹோட்டல் தீவுக்குச் சொந்தக்கார ஊரின் தலைவர் தாரிமாஸ் நடுவே வந்து நின்றார். கல்தபாவ் கயிற்றை எடுத்து நீட்டினார். ரேடியோக்காரர் மைக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் லெய்னாசெய். "பெரியவரே, இந்தப் பன்றி யாரோட வேலியிலிருந்து வந்துச்சுன்னு முறைப்படி கேட்கணுமில்ல? கேளுங்க."

"கேட்கத்தான் வேணும். யார் வேலி?" என்றார் தாரிமாஸ்.

"என்னோடதுதான், நான்தானே கொடுக்கறேன்," என்றார் கல்தபாவ்.

"உங்க வேலியா? அப்படியா? இதுக்குப் பேரு என்ன, சொல்லுங்க பார்க்கலாம்."

"பன்றிக்கு என்ன பேரு அக்கா!"

கூட்டத்தில் ரெண்டு பேர் சிரித்தார்கள், ஆனால் தீவுக்காரர்கள் சிரிக்கவில்லை. கொம்புப்பன்றிக்குப் பெயர் இல்லாமல் இருக்காது.

லெய்னாசெய் மத்தோகாய் பக்கம் திரும்பினாள். "மச்சான், இவன் பேரு என்ன?"

மத்தோகாயின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

"கர்னல்!" என்று அவளே கூப்பிட்டாள். பன்றி தலையைத் தூக்கிக் குரல் வந்த திசையில் மூக்கை நீட்டியது. "மருந்து போட்ட கை, மறக்கல பாருங்க. பெரியவரே, இது சிமியோன் மத்தோகாய் வீட்டுப் பன்றி. காதைப் பாருங்க, அவங்க குடும்ப வெட்டு."

தாரிமாஸ் குனிந்து காதைப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, உன்னோடதா?"

"ஆமா. ஆனா நான் பிரதமருக்குக் கொடுத்துட்டேன்."

"எதுக்குக் கொடுத்தே? இரவலா? மன்னிப்புக்கு இரவல் இல்லைன்னு உனக்கு நான் சொல்லணுமா? வித்தியா? வித்தேன்னா பதிலுக்கு என்ன வாங்கினே?"

மைக் மத்தோகாயின் வாய்க்கு நேரே நின்றது. லோரேவில் இந்நேரம் கடைவாசலில் கூடி ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். பன்றிக்குப் பதிலாக மந்திரி பதவி வாங்கினேன் என்று எப்படிச் சொல்வான்? அவன் கல்தபாவைப் பார்த்தான். கல்தபாவ் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேச்சு வரலைன்னா விடுங்க," என்றாள் லெய்னாசெய். அவள் குரல் உயர்ந்தது. "எனக்குப் புரியுது மச்சான். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு தகராறுதான், நமாசரி கரை. இல்லாத உரிமையைக் கேட்டு மூணு வருஷமா ஊரை அலைக்கழிச்சதுக்கு உங்க அக்கா மடியில வளர்ந்த பன்றியையே கொண்டுவந்து மன்னிப்புக் கேக்கறீங்க. பெரிய மனசு. நான் ஏத்துக்கிறேன். லோரேவு ஜனங்க சார்பா ஏத்துக்கிறேன்."

சொல்லிக்கொண்டே கல்தபாவ் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"நான் அதுக்குக் கொடுக்கல!" என்று மத்தோகாய் கத்தினான்.

"பின்னே எதுக்கு? சொல்லிடு, கேட்டுக்கறோம்," என்றார் தாரிமாஸ். காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு பின்னால் நின்ற தன் ஆளுக்குத் தலையசைத்தார். பன்றியின் தலையில் தடி ஒரே தடவைதான் இறங்கியது.

"முடிஞ்சுது," என்றார் தாரிமாஸ். "நமாசரி மேல மத்தோகாய் குடும்பத்துக்குப் பேச்சில்லை. இங்க நின்னவங்க எல்லாரும் சாட்சி."

பெரியவர் முன்னால் பன்றி விழுந்து தீர்ந்த நிலத் தகராறு சட்டத்துக்கும் தீர்ந்ததுதான். தகராறு இல்லாத நிலத்தில் எந்த மந்திரியும் கையெழுத்துப் போட முடியாது. மத்தோகாய் என்ன, நாளைக்கு யார் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். லெய்னாசெய் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அலிக் ஓடிவந்து இளநீர் கொடுத்தான்.

"அக்கா, பந்துக்குக் காத்தடிக்கிற மந்திரியா நீங்க? அடேங்கப்பா!"

சாயங்காலம் பன்றிக் கறியை எல்லாரும் தின்றார்கள். மத்தோகாய் மட்டும் அறையை விட்டு வரவில்லை.

மறுநாள் காலை பாராளுமன்றத்தில் முன்வரிசையிலிருந்து கல்தபாவ் திரும்பிப் பார்த்தார். சட்டை கசங்கவில்லை. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கசங்கியிருந்தது.

"அக்கா, நேத்து நடந்தது நடந்துபோச்சு. கரை உங்களுக்கு, இலாகா அவருக்கு, எல்லாருக்கும் நல்லதுதானே? பன்றியும் சாப்பிட்டாச்சு. கை நம்ம பக்கம்தானே?"

"சாப்பிட்டது மச்சான் வீட்டுப் பன்றி," என்றாள் லெய்னாசெய். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் இலாகாவை வித்தது நீங்க. உங்க வீட்டுப் பன்றி இன்னும் வரலையே?"

"எனக்கு ஏதுக்கா பன்றி! எனக்கு வேலியே இல்லையே!"

"அது எனக்கும் தெரியும்."

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் சபாநாயகர். எதிர்ப்பக்கம் இருபத்தைந்து கைகள் எழுந்தன. கார் போகும், வீடு போகும், இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்கூட இனி முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், அந்தப் பக்கம் அவளுக்கென்று ஒரு நாற்காலியும் காத்திருக்கவில்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும். கையைத் தூக்கினாள். சபாநாயகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்ப்பதைக் கண்டு, நன்றாகத் தெரியட்டும் என்று எழுந்தே நின்றாள்.

"இருபத்தாறு," என்றார் சபாநாயகர்.