தள்ளிப்போடும் மாத்திரை

"வண்டிய எடுண்ணா. அண்ணியத் திருப்பதிக்கு இட்டுக்கினு போணும்."

அம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டியானபின் ஊர் எல்லையைத் தாண்டச் சொல்லி யாரையும் கேட்கக் கூடாது. கரகம் எடுக்கப் போகிறவனை அறவே கேட்கக் கூடாது. காலையில் யமுனா தான் வேலை பார்க்கும் ஸ்ரீசிட்டியிலிருந்து வந்து இறங்கியதுமே அம்மா பொன்னியம்மா அதைச் சொல்லிவிட்டுத்தான் காபி கொடுத்தாள். அண்ணன் கோவர்த்தனன் மணிக்கட்டின் மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான்.

உள்ளே அண்ணி ஹரிப்ரியா இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க அழுகல் வாடை. கைக்குழந்தை இருக்கும்போதே மறுபடி நாள் தள்ளிப்போயிருந்தது. இப்போது வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்கள். அதில் யமுனாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நகரியில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று டாக்டரிடம் போகாமல், ஸ்கேனும் எடுக்காமல், வேறு ஊர் மெடிக்கலில் கலைக்கிற மாத்திரையை வாங்கிவந்தான் அண்ணன். மாசாமாசம் வருகிற மாதிரி வந்து நின்றுவிடும் என்றானாம் கடைக்காரன். நிற்கவில்லை. ஒரு வாரம் தாண்டியும் ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் காப்பு கட்டும் நாள் வந்துவிட்டது. காப்பு கட்டுகிற வீட்டில் தீட்டு ஆகாது. திருமலைக்குப் போகும்போதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கிற, தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையையே பொன்னியம்மா மருமகளுக்கும் காலையும் மாலையும் கொடுத்தாள். ரத்தம் குறைந்தது. வீடே நிம்மதியானது. பின்னாலேயே வந்தது காய்ச்சல். அம்மன்தான் இறங்கியிருக்கிறாள் என்று தலைமாட்டில் வேப்பிலையைச் செருகி வைத்தாள்.

திருப்பதியில் நர்ஸாக இருக்கும் தோழி பிரித்திகா போனிலேயே கத்தினாள். "டாக்டர் பாத்துக் குடுத்தா பயப்பட ஒண்ணுமில்லடி அதுல. எத்தன வாரம், கரு கர்ப்பப்பைலதான் இருக்குதான்னு பாக்கணும். அப்புறம் முழுசா வந்துச்சான்னும் பாக்கணும். உள்ள மிச்சம் நின்னு சீழ் வச்சிருக்கும்னு நெனைக்கறேன். காய்ச்சல், வாடை ரெண்டும் இருக்குதுன்ற, இன்னும் இன்னாத்துக்குடி உக்காந்துக்கினு இருக்க?"

"நாலு நாள் பொறுத்துக்கோடி," என்றாள் பொன்னியம்மா. "காப்பு அவுத்ததும் நானே இட்டுக்கினு போறேன். அங்க போயி இன்னான்னு சொல்லுவ? ஊரு காறித் துப்பும்."

"கலைக்கத் துன்னதச் சொல்லுவேன். நிறுத்தறதுக்கு நீ குடுத்ததையும் சொல்லுவேன்."

"இவ ஒருத்திதான் காலேஜ் போனா ஊர்லயே! வாயப் பாரு."

கோவர்த்தனன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கரகம் நின்னுபோச்சுன்னா ஊரே என்னத்தான் கேக்கும், யமுனா."

"பொண்டாட்டி செத்தா ஒருத்தனும் கேக்கமாட்டான். அதான?"

அவன் எழுந்திருக்கவில்லை. யமுனா படித்த படிப்பு முழுவதும் அந்த வீட்டில் அம்மாவின் ஒரு மாத்திரை அட்டைக்கு ஈடாகாது.

"வுட்ரு யமுனா," என்றாள் ஹரிப்ரியா, கண்ணைத் திறக்காமலே. "நாலு நாளுதான."

யமுனாவுக்கு அவள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. பிழைக்கிறதற்குக்கூட அனுமதிக்குக் காத்திருக்கிற பெண். 108க்குப் போன் செய்தாள். பந்தல் போட்டுத் தெருவை அடைத்திருப்பதை அவள் சொன்னதும், வண்டி மெயின் ரோட்டில்தான் நிற்கும் என்றார்கள். குழந்தையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள். அண்ணியின் கையைத் தன் கழுத்தில் போட்டு நிமிர்த்தினாள். அந்த உடம்பின் சூடு அவள் ரவிக்கை வழியாகத் தோளில் ஏறியது.

"வாசப்படி தாண்டுன, திரும்பி இந்த வூட்டுக்குள்ள வராத," என்றாள் பொன்னியம்மா.

யமுனா அதற்குள் தாண்டியிருந்தாள்.

பந்தலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நின்ற பெண்கள், ஹரிப்ரியாவின் புடவையில் புதிதாகப் படர்ந்த கறையைப் பார்த்துத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ஒருத்தியும் கை கொடுக்கவில்லை. மெயின் ரோடு வரைக்கும் வழி மட்டும் அகலமாகத் திறந்துகொண்டே போனது.